உடைக்காம முழுசா குடுங்க: இ-வேஸ்ட்னா என்ன, நம்ம கடக்கரையில அத என்ன பண்றது

தங்கச்சிமடத்துல எங்க சித்தி வீட்டுப் பரண் மேல ஒரு பழைய கலர் டிவி இருக்கு. 2006ல ஆரம்பிச்ச இலவச டிவி திட்டத்துல வந்தது, பின்னாடி பெருசா புடைச்சுக்கிட்டு இருக்குமே அந்த டைப். அது ஓடி பல வருசம் ஆச்சு. போன மாசம் போனப்ப சித்தி கேட்டாங்க, "ஏப்பா, மைக்கு கட்டிக்கிட்டு பழைய சாமான் வண்டிக்காரர் வர்றாரு, நூறு ரூவா தர்றேங்குறாரு, குடுத்துரவா? எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு." வேணாம் சித்தி, கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க, எனக்கு ரெண்டு வரியில சொல்லத் தெரியல. அதான் உக்காந்து எழுதுறேன், சித்திக்கு மட்டும் இல்ல, மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டின்னு நம்ம ராமநாதபுரம் மாவட்டக் கரையில இதே மாதிரி பரண் வச்சிருக்க எல்லாருக்கும் சேத்து.

இ-வேஸ்ட்னதும் கம்ப்யூட்டர், செல்போன்னுதான் நெனைப்போம். அவ்வளவு மட்டும் இல்ல. கரண்டுலயோ பேட்டரியிலயோ ஓடுன எந்தப் பொருளும் இனி வேணாம்னு ஆயிருச்சுன்னா அது இ-வேஸ்ட்தான், மிக்ஸி, டியூப் லைட், அயர்ன் பாக்ஸ், சார்ஜர், ரிமோட், பிள்ளைங்க வெளையாடுற பேட்டரி கார் வரைக்கும். நம்ம பக்கம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, ஏன்னா போட்டுல இருக்கிறதும் உண்டு, ஜிபிஎஸ், மீன் பாக்குற எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டு, வாக்கி டாக்கி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகள்ல இருந்து வந்த செட்டுங்க ரூம் ரூமா கெடக்கும். நம்ம நாட்டு சட்டத்துல முன்னாடி 21 வகைப் பொருளத்தான் இ-வேஸ்ட் லிஸ்ட்ல வச்சிருந்தாங்க, 2022ல வந்த புது விதியில அத 106 ஆக்கிட்டாங்க, சோலார் பேனலும் அதுக்குள்ள வந்துருச்சு.

நம்ம ஊருல பொருளு சீக்கிரம் சாகுறதுக்கு ஒரு காரணம் உப்புக்காத்து. சர்வீஸ் கடையில உள்ள இருக்கிற சர்க்யூட் போர்ட கழட்டிக் காட்டுவாங்க, பாத்திருப்பீங்க, செம்பு ஓடுற எடத்துல பச்சையா பூத்துருக்கும். காத்துல வர்ற உப்பும் ஈரமும் சேந்து செம்ப அரிக்கிறதுதான் அது. மதுரையில நல்லா ஓடுற அதே டிவி ராமேஸ்வரத்துல அத்தன வருசம் தாங்குறதில்லன்னு மெக்கானிக்குங்க சொல்றது இதனாலதான். பாதி நேரம் போர்ட வாஷ் பண்ணி ஒரு கனெக்சன சால்டர் வச்சா திரும்ப ஓடும், அதுனால தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரிப்பேருக்கு காட்டுங்க, புதுசு வாங்குறத ரெண்டு வருசம் தள்ளிப்போட்டாலே ரெண்டு வருசத்துக்கு ஒரு குப்பை கொறையுது. மத்திய அரசு 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னே ஒரு வெப்சைட் தொறந்தது, கம்பெனிங்க ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் விவரத்த ஒளிச்சு வைக்காம மக்களுக்கு சொல்லணும்ங்கறதுக்குத்தான்.

உலகம் முழுக்க கணக்கு பெருசு. ஐநா அமைப்புங்க சேந்து 2024ல விட்ட ரிப்போர்ட்டுப்படி 2022ங்கற ஒரே வருசத்துல 6 கோடியே 20 லட்சம் டன் இ-வேஸ்ட் உருவாகியிருக்கு, அதுல முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதுன்னு கணக்குல வந்தது 22.3 சதவீதம் மட்டும்தான். மிச்சம் பரண்ல, குப்பை மேட்டுல, இல்ல யாராவது ஒருத்தர் வீட்டுப் பின்னாடி உடைஞ்சு கெடக்கு.

ஆனா இது வெறும் குப்பை இல்லைங்கறதையும் சொல்லிரணும். டோக்கியோ ஒலிம்பிக்ல குடுத்த சுமார் 5000 மெடலும் பழைய போன், லேப்டாப், கேமராவுல இருந்து எடுத்த உலோகத்துலதான் செஞ்சாங்க, ஜப்பான் மக்கள்கிட்ட இருந்து 62 லட்சம் பழைய செல்போனும் 78 ஆயிரம் டன்னுக்கு மேல சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பொருளும் வாங்கி அதுல இருந்து 32 கிலோ தங்கம், 3500 கிலோ வெள்ளி, 2200 கிலோ வெண்கலத்துக்கான உலோகம் எடுத்தாங்க. தங்கச் சுரங்கத்துல ஒரு டன் கல்ல அரைச்சா சில கிராம்தான் தேறும், ஒரு டன் செல்போன்ல அதவிட பல மடங்கு இருக்கு. அப்ப இந்தப் பொருளுக்கு மதிப்பு இருக்கு. அந்த மதிப்புதான் பிரச்சனைக்கும் காரணம், எப்படின்னு சித்தி டிவிய வச்சே சொல்றேன்.

அந்த மாதிரி டிவியில முன்னாடி தெரியுற கண்ணாடிக்குப் பின்னாடி புனல் மாதிரி ஒரு கண்ணாடி போகும், பிக்சர் டியூப்னு சொல்லுவாங்க. உள்ள இருந்து எக்ஸ்ரே கதிர் வெளிய வரக்கூடாதுன்னு அந்தப் புனல் கண்ணாடியில ஈயம் கலந்துருப்பாங்க, அந்தப் பகுதியோட எடையில சுமார் அஞ்சுல ஒரு பங்கு ஈய ஆக்சைடு. கண்ணாடி முழுசா இருக்கிற வரைக்கும் ஈயம் அதுக்குள்ளயே பூட்டிக் கெடக்கும், வீட்டுல இருக்கிறதால ஒண்ணும் ஆகாது, பயப்பட வேணாம். அந்த டியூபோட கழுத்துலதான் செம்புக் கம்பிச் சுருள் மாட்டியிருக்கும். பழைய சாமான் எடுக்கிறவுகளுக்கு வேண்டியது அதுதான். சுத்தியல எடுத்து கழுத்துல ஒரு போடு போட்டா டியூப் ஒடைஞ்சுரும், சுருள் கையில வந்துரும், போர்டு தனியா வித்துரும், பிளாஸ்டிக் கூட கொஞ்சம் காசு ஆகும். கண்ணாடிய யாரும் வாங்க மாட்டாங்க. அது எங்க போகும்? நான் எங்க ஊருக்கு வெளிய சீமக்கருவேலக் காட்டுக்குள்ள பாத்திருக்கேன், அஞ்சாறு டியூப் நொறுங்கிக் கெடந்துச்சு, பக்கத்துல வயர எரிச்ச கருப்புத் தரை, அதுக்கு மேல ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

மீன வாங்குன ஆளு சதைய மட்டும் அறுத்து எடுத்துக்கிட்டு குடலையும் செதிலையும் உங்க வாசல்லயே கொட்டிட்டுப் போனா எப்படி இருக்கும், அதேதான் இது. காசு ஆகுற பாகம் லாரி ஏறி மதுரைக்கும் சென்னைக்கும் அங்கிட்டு டெல்லி வரைக்கும் போயிரும், காசு ஆகாத விஷம் மட்டும் நம்ம மண்ணுல தங்கிரும். ஒரு தடவ பிரிச்சாச்சுன்னா அந்த மிச்சத்த எடுக்க எந்தக் கம்பெனியும் சென்னையில இருந்து 500 கிலோமீட்டர் தாண்டி வராது. அதனாலதான் தலைப்புலயே போட்டேன், உடைக்காம முழுசா குடுங்கன்னு. செம்பும் தங்கமும் உள்ள இருக்கிற வரைக்கும்தான் அந்த டிவிய எடுக்க யாராவது வருவாங்க, லாபம் குடுக்கிற பாகந்தான் நஷ்டம் குடுக்கிற பாகத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகணும்.

வண்டியில வர்ற அண்ணன குத்தம் சொல்ல எனக்கு மனசு இல்ல. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு பேரீச்சம்பழம்"னு கூவிக்கிட்டு வந்த காலத்துல இருந்து நம்ம வீட்டு வாசலுக்கு வந்து நின்ன ஒரே ஆளு அவுகதான், எந்த அரசாங்கமும் வந்ததில்ல. வயர எரிக்கிற புகையில மொதல்ல நிக்கிறதும் அவுகதான், கூட நிக்கிறது அவுக பிள்ளைங்க. அந்தப் புகை சும்மா கரிப்புகை இல்ல. வயர் மேல இருக்கிற பிவிசி பிளாஸ்டிக்ல குளோரின் இருக்கு, அது எரியும்போது டையாக்சின்னு ஒரு நச்சு உருவாகுது, உள்ள இருக்கிற செம்பு அந்த வேதிவினைய இன்னும் தூண்டி விடும். டையாக்சின் கொழுப்புல போய் சேரும், ஆட்டுல, கோழி முட்டையில, பால்ல, அப்புறம் நம்ம உடம்புல, சீக்கிரத்துல வெளியேறாது. ஈயம் பிள்ளைங்க மூளைய பாதிக்கும், இந்த அளவுக்குக் கீழ இருந்தா பரவால்லன்னு ஈயத்துக்கு ஒரு பாதுகாப்பான அளவே இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

நம்ம கரைக்கு இதுல தனியா ஒரு ஆபத்து இருக்கு, தண்ணி. கடக்கரை ஊருகள்ல பொம்பளைங்க மணல்ல ஊத்து தோண்டி கொட்டாங்குச்சியில மொண்டு கொடம் நெரப்புறத பாத்துதான் நம்ம எல்லாம் வளந்தோம். கீழ உப்புத்தண்ணி, அது மேல மழைத்தண்ணி மெல்லிசா மெதக்குது, அதத்தான் குடிக்கிறோம். களிமண்ணா இருந்தா விஷத்த கொஞ்ச காலம் புடிச்சு வைக்கும், மணலு அப்படி இல்ல, மேல எத ஊத்துனாலும் சர்ருன்னு கீழ எறங்கிரும். பழைய பேட்டரியில இருக்கிற ஆசிட எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி மண்ணுல கவுத்துறாங்கல்ல, ஈயம் கலந்த ஆசிட் அது, அந்த மணலும் ஊத்து மணலும் ஒண்ணுதான்.

பாதரசத்தையும் சொல்லணும், கடல நம்பி இருக்கவுக கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பழைய டியூப் லைட்டு, சிஎஃப்எல் பல்பு, பழைய எல்சிடி மானிட்டரோட உள் விளக்கு, இதுல எல்லாம் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். எல்இடியில கெடையாது. ஒரு டியூப் ஒடைஞ்சா ஊரே அழிஞ்சுராது, ஆனா பாதரசம் தண்ணியில சேந்தா நுண்ணுயிருங்க அத மீத்தைல் பாதரசமா மாத்தும், அது சின்ன மீனுல ஏறி, அத திங்கிற பெரிய மீனுல இன்னும் ஜாஸ்தியா ஏறி, சுறா மாதிரி மேல இருக்கிற மீனுல நெறைய சேந்துரும். ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு ஊரு, வளைகுடா ஓரம், மீன் புடிக்கிற குடும்பங்க. அங்க ஒரு கெமிக்கல் ஆலை பாதரசக் கழிவ கடல்ல விட்டுச்சு, மொதல்ல மீன் தின்ன பூனைங்க துள்ளித் துள்ளி செத்துச்சு, அப்புறம் 1956ல மனுசங்களுக்கு கை கால் இழுக்குற நோயின்னு கண்டுபுடிச்சாங்க, வயித்துல இருந்த பிள்ளைங்கள கூட விடல. அந்த ஊரு பேருலதான் பாதரசத்துக்கான உலக ஒப்பந்தம் 2013ல வந்துச்சு, 2018ல இந்தியாவும் சேந்துருச்சு. அது ஆலைக் கழிவு, நம்மளது டியூப் லைட்டு, அளவு வேற வேறதான், நான் ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லல. ஆனா 21 தீவோட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா நம்ம வாசல்ல இருக்கு, அதுல பாசி எடுத்து பொழைக்கிற பொம்பளைங்க இருக்காங்க, குப்பைய கரையில கொட்டிட்டு கடல் பாத்துக்கும்னு விட்டுற முடியாது.

சரி, முறையா ரீசைக்கிள் பண்றவுக அப்படி என்னதான் வித்தியாசமா பண்றாங்க? மொதல்ல கையால பிரிப்பாங்க, பேட்டரி, டியூப் லைட்டு, பிக்சர் டியூப் மாதிரி ஆபத்தானத தனியா எடுத்து வச்சுருவாங்க, பிரிட்ஜு, ஏசியா இருந்தா கேஸ காத்துல விடாம மெசின்ல உறிஞ்சி எடுப்பாங்க (பழைய பிரிட்ஜு கேஸு பூமிய சூடாக்குறதுல கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கு மேல). மிச்சத்த மெசின்ல போட்டுத் தூளாக்கி, காந்தம் வச்சு இரும்ப இழுத்து, அலுமினியம், செம்பு, பிளாஸ்டிக்க தனித்தனியா பிரிப்பாங்க. போர்டு மட்டும் உருக்காலைக்கோ கெமிக்கல் முறையில உலோகம் எடுக்கிற எடத்துக்கோ போகும், புகைக்கு பில்டர் இருக்கும், எதுக்கும் ஆகாத மிச்சம் அபாயக் கழிவுக்குன்னே அடியில தடுப்பு போட்டுக் கட்டுன குழிக்குப் போகும். இதுக்கெல்லாம் செலவு ஆகுது. கருவேலக் காட்டுல எரிக்கிறவருக்கு தீப்பெட்டி செலவு மட்டும்தான். அந்த செலவ யாரு குடுக்கிறதுங்கறதுதான் சட்டத்தோட மொத்தக் கதையும்.

இந்தியாவுல இ-வேஸ்டுக்குன்னு தனி விதி 2011ல எழுதுனாங்க, 2012 மே மாசம் அமலுக்கு வந்துச்சு, 2016ல மாத்துனாங்க, 2022ல திரும்ப மாத்தி 2023 ஏப்ரல் 1ல இருந்து இப்ப ஓடுறது அதுதான். மூணுலயும் அடிப்படை ஒண்ணு, பொருள செஞ்சு வித்த கம்பெனிதான் அது குப்பை ஆனதுக்கு அப்புறமும் பொறுப்பு. உற்பத்தியாளரோட நீட்டிக்கப்பட்ட பொறுப்புன்னு நீளமா சொல்லுவாங்க, சுருக்கமா ஈபிஆர். ஒரு கம்பெனி சில வருசத்துக்கு முன்னாடி 100 டன் மிக்ஸி வித்துச்சு, அதோட சராசரி ஆயுசு முடிஞ்சு குப்பைக்கு வருதுன்னு வைங்க, அது வர்ற வருசம் 2023-24ஓ 2024-25ஓ ஆனா அதுல 60 டன்னுக்கு அந்தக் கம்பெனி ரீசைக்கிள் கணக்கு காட்டணும், அதுக்கு அடுத்த ரெண்டு வருசம்னா 70 டன், 2027-28ல இருந்து 80 டன்.

கணக்கு காட்டுறதுன்னா கம்பெனி ஆளு நம்ம வீட்டுக்கு வந்து மிக்ஸிய வாங்கிக்கிட்டுப் போகணும்னு இல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வெப்சைட்ல பதிவு பண்ண ரீசைக்கிளருங்களுக்கு, அவங்க எடுத்த தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியத்த வச்சு வாரியம் அந்த வெப்சைட் வழியா சர்டிபிகேட் குடுக்கும், கம்பெனிங்க அத காசு குடுத்து வாங்கிக்கணும், அந்தக் காசுதான் ரீசைக்கிளரோட செலவுக்கு. சர்டிபிகேட்ட ரொம்ப மலிவா வித்தா யாரும் ஒழுங்கா வேலை பண்ண மாட்டாங்கன்னு, வீட்டு எலக்ட்ரானிக் பொருளுக்கு கிலோவுக்கு 22 ரூபாய்க்கு கொறையக் கூடாதுன்னு அரசு வெலை வச்சது, பெரிய கம்பெனிங்க சிலது அத எதுத்து டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயிருக்கு. என் கருத்த கேட்டா அந்த 22 ரூபா இருக்கணும். 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்க ஊருக்கு ஒரு லாரி வரணும்னா அதுக்கு டீசல் காசு எங்கயாவது இருந்து வரணும்ல.

எனக்கு இந்த விதியில குறையாப் படுறது ஒண்ணு. சர்டிபிகேட்டுக்கு எண்ணுறது நாலு உலோகந்தான். ஈயக் கண்ணாடிய, விஷ பிளாஸ்டிக்க ஒழுங்கா அடக்கம் பண்ணுங்கன்னு விதியில இருக்கு, ஆனா சர்டிபிகேட் கணக்குல அதுக்கு மதிப்பு ஏறுறதில்ல. வண்டிக்காரரு செம்ப மட்டும் பாக்குற மாதிரியே சர்டிபிகேட்டும் பாத்தா எப்படி? சென்னைய சுத்தியே நெறைய சரக்கு கெடைக்கும்போது கணக்க முடிக்க நம்ம கரை வரைக்கும் வர வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லாம போயிருது.

ஆனா அதே விதியில நமக்கு ஒரு பிடி இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. நகராட்சியா இருந்தாலும் கிராம பஞ்சாயத்தா இருந்தாலும், குப்பையில கலந்து வர்ற இ-வேஸ்ட்ட பிரிச்சு சேகரிச்சு பதிவு பெற்ற ரீசைக்கிளருக்கு அனுப்புறது அவங்க கடமைன்னு 2022 விதியில எழுதியிருக்கு. அதுக்கு மேல ஒண்ணு, கம்பெனியே இல்லாம போன, இல்ல யாரு செஞ்சதுன்னே தெரியாத பொருளு இருக்குல்ல, பேர் இல்லாத சார்ஜரு, மூடிட்டுப் போன கம்பெனியோட டிவி, அனாதைப் பொருளுன்னே சொல்றாங்க, அதையும் உள்ளாட்சிதான் எடுத்து அனுப்பணும். பேட்டரிக்கு தனி விதி, அதுவும் 2022தான், போன் பேட்டரியில இருந்து போட்டு பேட்டரி வரைக்கும் செஞ்சு வித்த கம்பெனிதான் திரும்ப எடுக்கிறதுக்குப் பொறுப்பு. இன்வெர்ட்டர் பேட்டரிய புதுசு வாங்குற கடையிலயே பழச குடுத்தா வெலையில கழிச்சுக்கிறாங்க, அப்படியே ஆசிடோட குடுங்க.

சோலார் பத்தி ஒரு வார்த்தை. கமுதியில 2016ல தொடங்குன 648 மெகாவாட் பிளான்ட்ல மட்டும் 25 லட்சம் பேனல், அதுக்கு அப்புறம் நம்ம மாவட்டத்துல இன்னும் எத்தனையோ வந்துருச்சு. ஒரு பேனல் சுமார் 25 வருசம் ஓடும். 2034-35 வரைக்கும் வர்ற பேனல் கழிவ கம்பெனிங்க பத்திரமா சேத்து வைக்கணும்னுதான் இப்போதைக்கு விதி சொல்லுது. அதுக்கு அப்புறம் கொஞ்ச வருசத்துல நம்ம மாவட்டத்துல ஒரே நேரத்துல லட்சக்கணக்குல பேனல் கழட்டப்போறாங்க, அத எங்க பிரிக்கப் போறாங்க, எந்த லாரியில ஏத்தப் போறாங்கன்னு இப்பவே கேக்க வேண்டிய ஊரு நம்மளுதுதான்.

வீட்டளவுல பண்ண வேண்டியது அதிகம் இல்ல. எதையும் உடைக்காதீங்க, எரிக்காதீங்க, டிவி பின்னாடி ஸ்க்ரூவ கூட கழட்டாதீங்க. போன்ல இருக்கிறத அழிச்சுட்டு சிம்ம எடுத்துருங்க. பவர் பேங்க், போன் பேட்டரி வீங்கியிருந்தா குத்தக் கூடாது, தீப்புடிச்சுரும், வெயில் படாத எடத்துல தனியா வைங்க, சாதா குப்பையோட போட்டா குப்பை வண்டியே எரியும். டியூப் லைட்ட வந்த அட்டையிலயே போட்டு நிமித்தி வைங்க. பெரிய பொருளுக்கு கம்பெனி கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி, பழச எடுத்துக்குவீங்களா, எந்த ரீசைக்கிளருக்குப் போகுதுன்னு கேளுங்க, பதில் வரலேன்னாலும் கேட்டது பதிவாகும். புதுசு வாங்கும்போது எக்ஸ்சேஞ்ச்ல குடுத்தாலும் இதே கேள்விய கேளுங்க.

இதெல்லாம் தனி ஆளா பண்ணா ஒரு டிவிக்கு லாரி வராது. ஒரு ஊரோட டிவி, மிக்ஸி, பேட்டரி ஒரு ரூம்ல சேந்தா வரும். அந்த ரூம கேக்குற எடந்தான் கிராம சபை. வருசத்துல ஆறு தடவ கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வண்டிக்கார அண்ணன்மார்களையும் அதுல சேக்கணும், வீடு வீடா வாங்கி உடைக்காம கொண்டு வந்து குடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டா அவுகளுக்கும் புகையில நிக்க வேண்டியதில்ல. சித்தி டிவி இப்போதைக்கு தார்ப்பாய் சுத்தி அதே பரண்ல இருக்கு. அடுத்த சபைக்கு நாங்க எழுதி வச்சிருக்கிற மனு இது, உங்க ஊரு பேர மாத்தி எடுத்துக்கங்க:

"ஐயா, மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன்படி எங்கள் ஊராட்சியில் சேரும் மின்னணுக் கழிவுகளையும், உற்பத்தியாளர் இல்லாத பொருட்களையும் பிரித்துச் சேகரிக்க, மழை படாத, சிமெண்ட் தரை போட்ட ஓர் அறையை ஒதுக்கும்படியும், சேர்ந்தவற்றை உடைக்காமல் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எடைச்சீட்டு பெற்று ஒப்படைக்கும்படியும், அந்தச் சீட்டை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டும்படியும், வீடுகளில் இருந்து வாங்கி வரும் பழைய பொருள் வியாபாரிகளுக்கு எடைக்கு ஏற்ற தொகை வழங்கும்படியும், ஊருணி, ஊற்று, கடற்கரை அருகே வயர் எரிப்பதைத் தடுக்கும்படியும் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."